மணல் ஒட்டாத ரிம்

நோயாளி வாய் திறக்காவிட்டாலும் நாடி பேசிவிடும் என்பார்கள். டயருக்கும் ஒரு நாடி உண்டு. அந்தப் பணிமனையில் அதைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவன் ஒருவனே. ஆகையால் எல்லோரும் அவனை 'டாக்டர்' என்றே அழைத்தார்கள்; பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் குடியிருந்தது.

டயரின் நடுப்பகுதி தேய்ந்து வந்தால், காற்று மிகுந்து, மணல்மேல் மிதக்க வேண்டிய வண்டி மணலைக் குடைந்துகொண்டு ஓடியிருக்கிறது என்பான். இரண்டு ஓரங்களும் தேய்ந்து வந்தால், மணலுக்காக இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றாமலே தார்ச்சாலையில் ஓட்டி வந்த சோம்பேறி யார் என்று கேட்பான். பக்கச் சுவர் சுருங்கி, உள்ளே விட்ட கையில் கரித்தூள் போல ரப்பர் பொடி ஒட்டினால் அவன் பேசவே மாட்டான். உதட்டைப் பிதுக்குவான், அந்த டயருக்கு அதுவே இறப்புச் சான்று. வால்வருகே காதை வைத்து, மணல் துகள் சிக்கியிருக்கிறதா, ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று சீறலை வைத்தே சொல்லுவான். சொன்னது தப்பியதில்லை.

அப்படிப்பட்ட டாக்டர், அன்று பிற்பகல், தன் கொட்டகையில் கழற்றிப் போட்ட ஒரு சக்கரத்தைப் பார்த்தான். பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

அது அவன் மனைவி ஓட்டும் லாரியின் சக்கரம்.

மணல்வெளியின் நடுவே குழாய் பதிக்கும் கூட்டத்திற்குக் குடிநீர் கொண்டுபோகும் வண்டி அது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி. தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, எல்லாச் சக்கரங்களிலும் காற்றைப் பாதியாக இறக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். காலையில் அப்படித்தான் போனாள். நடு மணலில் பின்பக்க இடது சக்கரம் ஒரே மூச்சில் காற்றைக் கக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டது. ஜாக்கியை வைத்தால் ஜாக்கியே மணலுக்குள் போயிற்று. இன்னொரு லாரி போய்க் கட்டி இழுத்து வரும்வரை, உச்சி வெயிலில் குழாய்க்காரர்கள் நாக்கு வறண்டு காத்துக் கிடந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோரும் எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

மணலிலிருந்து வந்த டயரை ரிம்மிலிருந்து பிரிப்பது பல் பிடுங்குவது போன்றது. கடப்பாரை வேண்டும், சம்மட்டி வேண்டும், கொஞ்சம் வசவும் வேண்டும். இந்த டயரோ கை வைத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில், ரிம்மைச் சுற்றிலும், மையைக் குழைத்துப் பூசியதுபோல ஒரு கறுப்பு வளையம். விரலால் தொட்டான். கிரீஸ். கிரீஸில் குழைந்த மணல்.

யார் தடவியது என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முந்தைய நாள் மாலை அந்த லாரியின் பின்சக்கரங்களுக்கு வந்த புது டயர்கள் விறைப்பாக இருந்தன. விளிம்பில் சோப்பு நீர் தடவித்தான் ரிம்மில் ஏற்ற வேண்டும். சோப்பு நீர் ஏறும்போது வழுக்கும், ஏறியபின் காய்ந்து இறுக்கிப் பிடிக்கும். சோப்புத் தொட்டி காய்ந்து கிடந்தது. குழாயடியோ பணிமனையின் மறுகோடியில். வீட்டுக்குப் புறப்படும் மணி அடித்துவிட்டது. கிரீஸ் டப்பா காலடியில் இருந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் இரண்டு விரல் கிரீஸ். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தான். கிரீஸ் காய்வதில்லை. பாதிக் காற்றில் மணலில் இறங்கிய வண்டியில் டயர் நின்ற இடத்தில் நிற்க, ரிம் மட்டும் உள்ளே வழுக்கிச் சுழன்றிருக்கிறது. டியூப் முறுக்கிக்கொண்டு, தொப்புள்கொடி அறுவதுபோல வால்வு வேரோடு அறுந்திருக்கிறது. கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிய எழுத்துகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன: 'விளிம்பில் கிரீஸ் தொடாதே.' எழுதியவன் அவன்தான். ஒற்றுப்பிழை கூட இல்லை.

வெளியே ஆட்கள் கூடும் ஓசை கேட்டது. மேஸ்திரியின் செருப்பொலி கேட்டது. அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கும்; ஒன்று அகலமானது, ஒன்று குறுகலானது என்றெல்லாம் சொல்வார்கள். அவனுக்கு முன்னால் இருந்தது ஒரு பழந்துணி. எடுத்தான். துடைத்தான். ரிம்மைத் துடைத்தான், டயரின் விளிம்பைத் துடைத்தான், மூலை முடுக்கெல்லாம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். துணியைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

முதலில் உள்ளே வந்தவர் மேஸ்திரி. பணிமனை முழுவதற்கும் பொறுப்பாளர். கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். அவருக்குப் பின்னால் 'ஹாரன்' என்று அழைக்கப்பட்ட மூத்த ஓட்டுநர். மெல்லப் பேசத் தெரியாததால் வந்த பெயர். அவர்களுக்குப் பின்னால் அவள். காக்கிச் சட்டையெங்கும் மணல், கண்ணிமையிலும் மணல்.

"என்ன டாக்டர், என்ன வியாதி?" என்றார் மேஸ்திரி.

"வால்வு அறுந்திருக்குங்க. டயருக்குள்ள ரிம் சுத்தியிருக்கு."

"எதனால சுத்தும்?"

"மணல்ல காத்தை ரொம்ப இறக்கிட்டு, ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிச்சா சுத்தும்."

அவன் சொன்னது பொய்யன்று. அதுதான் அதன் கொடுமை. எந்த டயர்ப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்த வாக்கியம் இருக்கும். உலகத்துக்குப் பொதுவான ஓர் உண்மையை எடுத்து, ஒருத்தியின் தலையில் மட்டும் இறக்கிவைத்தான்.

"நான் மிதிக்கலைங்க" என்றாள் அவள்.

"மிதிக்காம வண்டி போச்சா? தள்ளிக்கிட்டா போனே?" என்று ஹாரன் முழங்கினான். "தங்கச்சி, கோவிச்சுக்காதே. மணல்ங்கறது தொட்டில் மாதிரி. மெதுவா ஆட்டணும். நீ உலக்கையால குத்தற மாதிரி குத்தியிருப்பே."

"அண்ணே, போன மாசம் நீங்க மாட்டிக்கிட்டு நின்னப்ப அது தொட்டிலா, உலக்கையா?"

"அது மணல் சரியில்லாம நின்னது!"

சிலர் சிரித்தார்கள். ஹாரனும் சிரித்தான். ஆண் மாட்டிக்கொண்டால் மணல் சரியில்லை. பெண் மாட்டிக்கொண்டால் பெண் சரியில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று வீட்டுக்குள் எழுதிய சட்டத்தைப் பணிமனையிலும் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். அதைச் சுவரில் எழுதவேண்டிய தேவைகூட யாருக்கும் இருக்கவில்லை.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "ஏம்மா, குழாய்க்காரங்க செத்திருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? உன்னை எடுத்தப்பவே மேல இருக்கறவங்க ஆயிரம் கேள்வி கேட்டாங்க. நாளைக்குக் காலையில சாவியைக் கொடுத்துடு. கேட்ல உட்கார்ந்து வண்டி வரத்து போக்கைப் பாரு. மணலுக்கு வேற ஆள் போகட்டும்."

அந்தப் பணிமனையில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண் அவள். அவள் இறங்கினால் அந்தப் படியில் இன்னொருத்தி ஏறப்போவதில்லை. இது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்; டாக்டருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தொழிலாளர் கூட்டத்தில், "சமையலறையில் தீயை அடக்கத் தெரிந்த கைக்குச் சாலையில் சக்கரத்தை அடக்கத் தெரியாதா?" என்று முழங்கி, அவளுக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததே அவன்தான். அன்று விழுந்த கைதட்டல் ஒவ்வொன்றும் இப்போது கன்னத்தில் விழுந்தது.

அவள் வாதாடவில்லை. குனிந்து ரிம்மைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலை அதன் விளிம்பில் ஓட்டினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். விரலில் ஒன்றுமில்லை. பிறகு தலை நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். ஒரு விநாடிதான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பாதி உண்மை. அவன் நெஞ்சில் குறுகுறுப்போடு இன்னொன்றும் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "டாக்டர் வீட்ல ஸ்டியரிங் யார் கையில?" என்று சில நாட்களாக ஆட்கள் கேலி பேசிவந்தார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஹாரன் அவளைத் 'தொட்டில், உலக்கை' என்று இடித்துரைத்தபோது, அந்தச் சிரிப்பின் அடியில் இருந்த முள் கொஞ்சம் இளகியதை அவன் உணர்ந்தான். பழி போன இடத்தில் அவனுக்கு ஒரு சொட்டு நிம்மதி பிறந்தது. கிரீஸ் தடவிய விரலைக் கழுவிவிடலாம். அந்த ஒரு சொட்டை எந்தச் சோப்பால் கழுவுவது?

மாலையில் வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய அக்கா கணவனை இழந்தபின் அவர்களோடு வந்து தங்கியவள். முன்னறையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பாள். அவள் வாயும் ஊசியும் ஒரே கூர்மை. துவைப்பதற்கு அழுக்குத் துணிகளைப் பொறுக்கியவள், தம்பியின் கால்சட்டைப் பையில் கைவிட்டாள்.

"டேய் தம்பி, என்னடா இது? பாதி மணல்வெளியையே துவைக்கப் போட்டிருக்கே!"

கறுத்துக் கசங்கிய அந்தத் துணியை அவள் விளக்கின்கீழ் தூக்கிப் பிடித்தாள். வாசலில் உட்கார்ந்து காலணியிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். எழுந்து வந்து துணியை வாங்கினாள். இரண்டு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தாள். நறநறவென்றது.

"நான் அங்கேயே யோசிச்சேன்" என்றாள். குரலில் சூடில்லை. "மணல்ல புரண்டு வந்த வண்டியில ரிம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்குதே, யாரு குளிப்பாட்டினதுன்னு."

"தொட்டியில சோப்புத் தண்ணி இல்ல" என்றான் அவன். "டயர் விறைப்பா இருந்துச்சு. நேரமும் ஆயிடுச்சு..."

"நான் அதைக் கேக்கலைங்க. கிரீஸ் தடவினது கை செஞ்ச தப்பு. அது யாருக்கும் வரும், எனக்கும் வரும். துடைச்சது?"

அவன் தரையைப் பார்த்தான். தரையில் அவள் காலணியிலிருந்து உதிர்ந்த மணல் சிறு குவியலாகக் கிடந்தது.

அக்காவுக்கு இப்போதுதான் விளங்கிற்று. கையிலிருந்த அழுக்குத் துணிகளைக் கீழே போட்டாள். "அடப்பாவி! இவளுக்குக் காக்கிச் சட்டை தெச்சது நான்டா. தோள்பட்டையில ரெட்டைத் தையல் போட்டேன், ஸ்டியரிங் திருப்பறப்ப பிரியக் கூடாதுன்னு. நீ கூட்டத்துல பேசிட்டு வந்து, 'அக்கா, எப்படிக் கைதட்டினாங்க தெரியுமா'ன்னு குதிச்சியே! பேசின வாயை எங்கடா அடகு வச்சே?"

"நாளைக்குச் சொல்லிடறேன்க்கா."

"நாளைக்கு என்ன, நல்ல நாள் பார்த்தாச்சா?"

"விடுங்க அண்ணி" என்றாள் மனைவி. துணியை மடித்து மேசைமேல் வைத்தாள். "இவர் சொன்னா நம்புவாங்களா? நான் சொன்னா, புருஷன் மேல பழியைப் போட்டுத் தப்பிச்சுக்கறாம்பாங்க. இவர் சொன்னா, பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றாம்பாங்க. சொல்ல வேண்டியது ரிம். அதோட வாயைத்தான் இவர் துடைச்சுட்டாரே."

அவள் திட்டியிருந்தால் திட்டோடு திட்டாகப் போயிருக்கும். அழுதிருந்தால் கண்ணீரைத் துடைக்கும் சாக்கில் ஒரு வார்த்தை பேசியிருப்பான். அவள் தட்டு எடுத்து வைத்தாள், அவனுக்கும் வைத்தாள், தண்ணீரும் ஊற்றினாள். அவன் சாப்பிட்டான். பல்லில் மணல் கடிபட்டதுபோல இருந்தது ஒவ்வொரு வாயும்.

காலையில் அவள் துவைத்துத் தேய்த்த காக்கிச் சட்டையோடு வந்தாள். கேட்டில் உட்காரப் போகிறவளுக்கு எதற்கு இத்தனை விறைப்பு என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேஸ்திரியின் மேசைமேல் சாவியை வைத்தாள். அப்போதுதான் அவன் வாய் திறந்தான்.

"தப்பு என் மேலங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"சோப்புத் தண்ணி போட வேண்டிய இடத்துல கிரீஸ் போட்டேன். அதான் சுத்தியிருக்கு. நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடி துடைச்சுட்டேன்."

சொல்லி முடித்தான். இடி விழும் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டான். விழுந்தது இடியன்று, சிரிப்பு.

"டாக்டரா? கிரீஸா?" மேஸ்திரி தலையை ஆட்டினார். "ஏம்ப்பா, விளிம்புல கிரீஸ் பட்டதுக்கு எத்தனை பேரை நீ ஷெட்டை விட்டுத் துரத்தியிருக்கே! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

"நிஜங்க. துடைச்ச துணி கூட வச்சிருக்கேன்." நீட்டினான்.

"டயர் ஷெட்டுல கிரீஸ் துணி இல்லாம பூமாலையா இருக்கும்?" ஹாரன் அவன் தோளில் தட்டினான். அந்த முரட்டுக் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "தங்கச்சி, பார்த்தியா உன் வீட்டுக்காரரை? உன் பழியை எடுத்துத் தன் தலையில வச்சுக்கறாரு. இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்!"

"ஆமாமா" என்று சுற்றிலும் குரல்கள் எழுந்தன.

நேற்றைய பொய்க்கு அவனுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. இன்றைய உண்மைக்குப் பாராட்டு கிடைத்தது. பொய்யனுக்குப் பொன்னாடை! சாட்டையால் அடித்திருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பான். அந்தப் பாராட்டில் அவன் கூனிக் குறுகிப்போனான். ஒரு பேடியின் முகத்துக்கு நல்ல கணவன் என்ற முகமூடியை ஊர் கூடி மாட்டிவிட்டது. கழற்ற முயலும்தோறும் அது இறுகியது. தன் மனைவி அந்த நேரத்தில் என்ன முகத்தோடு நிற்கிறாள் என்று பார்க்கும் துணிவு அவனுக்கு இல்லை. இத்தனைக்கும் அங்கிருந்து ஓடிவிட ஒரு வழி திறந்துதான் இருந்தது: 'சரி, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்' என்று கைகழுவிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவளைத் தவிர.

அவன் முற்றத்துக்கு நடந்தான். அவளுடைய லாரி அங்கே நின்றது. பின்பக்க இடது சக்கரம் இருந்த இடத்தில் மாற்றுச் சக்கரம். அவன் வலப்பக்கம் போனான். அங்கே இருந்தது அன்று கிரீஸ் தடவி ஏற்றிய இரண்டாவது சக்கரம்.

"இங்க வாங்க" என்று கத்தினான். "எல்லாரும் வாங்க."

புது டயர் ஏற்றியதும், டயரிலிருந்து ரிம்மின்மேல் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு தீட்டுவது அங்கே வழக்கம். டயரும் ரிம்மும் ஒன்றாக ஓடினால் கோடு கோடாகவே இருக்கும். ஒன்று வழுக்கினால் கோடு உடைந்து இரண்டாகும். இந்தச் சக்கரத்தில் ரிம்மில் இருந்த பாதிக் கோடு, டயரில் இருந்த பாதிக் கோட்டை விட்டுக் கை அகலம் விலகிப் போயிருந்தது. இன்னொரு பயணம் போயிருந்தால் இதன் வால்வும் அறுந்திருக்கும்.

"இதுவும் சுத்தியிருக்கு" என்றார் மேஸ்திரி. "அப்ப ஓங்கி மிதிச்சது உறுதியாச்சே!"

"முன் சக்கரத்தைப் பாருங்க" என்றான் அவன். "நாலும் இழுக்கற வண்டி. மிதிச்ச கால் ஒண்ணு, மண்ணு ஒண்ணு, காத்தும் ஒரே அளவு. அந்த ரெண்டுலயும் கோடு ஏன் அசையலை? நேத்தே நான் உங்களுக்குக் காட்டியிருக்கணும். அதுங்களுக்கு நான் சோப்புத் தண்ணி போட்டேன். இதுக்குப் போடலை."

"பாரம் பின்னாடிதானே அதிகம்" என்றான் ஹாரன், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

டாக்டர் வண்டிக்கடியில் குனிந்தான். ஜாக்கியைத் தள்ளினான். நட்டுகளைக் கழற்றினான். சக்கரத்தைத் தரையில் சாய்த்துக் காற்றை முழுக்க இறக்கி, டயரை ரிம்மோடு பிடித்திருக்கும் பூட்டு வளையத்தை நெம்பி எடுத்தான். சம்மட்டியை எடுத்து வந்து நீட்டினார் ஒருவர். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, ரிம்மை இரு கைகளாலும் பற்றித் தூக்கினான். வெண்ணெயிலிருந்து கத்தியை உருவியதுபோல அது வந்துவிட்டது.

ரிம்மைச் சுற்றிலும் அந்தக் கறுப்பு வளையம். யாரும் துடைக்காத வளையம். வெயிலில் மணல் துகள்கள் அதற்குள் மின்னின.

மேஸ்திரி குனிந்து அதை ஒரு விரலால் தொட்டெடுத்து முகர்ந்தார். அவர் முகம் மெல்ல மாறிற்று. ஹாரன் திறந்த கதவின் வழியே கொட்டகைச் சுவரைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவனைப்போல வாய்விட்டுப் படித்தான்: "விளிம்பில்... கிரீஸ்... தொடாதே." பிறகு, தன் வாழ்வில் முதல் முறையாக, மெல்லிய குரலில் சொன்னான்: "நான் உன்னை நல்லவன்னு சொன்னேனேய்யா."

"அதான் சொன்னேன்" என்றான் டாக்டர். "நான் இல்லைன்னு."

மேஸ்திரி நிமிர்ந்தார். "குழாய்க்காரங்க கிட்ட நீயே வந்து சொல்லணும். நானும் சொல்லணும், விசாரிக்காம முடிவு பண்ணினது நான். இந்த ரெண்டு டயரையும் இப்பவே சோப்புத் தண்ணியில ஏத்து. இனிமே நீ ஏத்தற ஒவ்வொரு சக்கரத்தையும் இன்னொருத்தர் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும்." அவளிடம் திரும்பினார். சட்டைப் பையில் போட்டு வந்திருந்த சாவியை எடுத்து நீட்டினார். "ஏம்மா..." என்றார்.

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. தன்னுடையதைத் திரும்பப் பெறுபவள் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

மறுகோடிக் குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்து அவன் தொட்டியை நிரப்பினான். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். விளிம்பு முழுவதும் நுரை படிகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஓரிடத்தில் விரல் வைத்து, "இங்க விட்டுப் போச்சு" என்றாள். அவன் அங்கே மீண்டும் தடவினான். ஏற்றி முடித்ததும் வெள்ளைக் கோடு தீட்டத் தூரிகையை எடுத்தான். அவள் கை நீட்டினாள். கொடுத்தான். கோட்டை அவளே போட்டாள்.

தண்ணீர் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படத் தயாராயிற்று. அவன் ஒதுங்கி நின்றான். அவள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"குழாய்க்காரங்க கிட்டச் சொல்லணும்னு மேஸ்திரி சொன்னாரே. காதுல விழலையா? ஏறுங்க."

அவன் ஏறினான். ஏறிய பிறகுதான் ஒன்று உறைத்தது: அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை அவள் பக்கத்தில் அவன் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. 'ஓங்கி மிதிச்சா' என்று நேற்றுச் சொன்னானே, அவள் எப்படி மிதிப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே சாட்சி சொல்லியிருக்கிறான்.

தார் முடிந்த இடத்தில் வண்டி நின்றது. இருவரும் இறங்கி ஆளுக்கிரண்டு சக்கரங்களில் காற்றை இறக்கினார்கள். அவன் இறக்கியதை அவள் அளந்து பார்த்தாள். அவள் இறக்கியதை அவன் அளக்கத் துணியவில்லை. மீண்டும் ஏறினார்கள்.

மணல் தொடங்கிற்று. அவன் அவள் காலைப் பார்த்தான். ஆக்சிலரேட்டரின்மேல் அந்தக் கால் இருப்பதே தெரியவில்லை. மேடு வரும் முன்னே மெல்லக் கனத்தது, உச்சியில் இளகியது, இறக்கத்தில் ஓய்ந்தது. திருப்பும்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் அகல வட்டமாக இழுத்தாள். பிரேக்கைத் தொடவே இல்லை. வேண்டிய இடத்தில் வண்டி தானாகவே வேகம் தணிந்தது. டயரின் நாடி பார்க்கத் தெரிந்த அவன், நேற்று முழுவதும் தவறான நாடியைப் பிடித்திருந்தான்.

"நல்லா ஓட்டறே" என்றான்.

வெகுதூரம் போனபின், மணலிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் கேட்டாள்: "நேத்து ஹாரன் அண்ணன் என்னைப் பேசினப்ப, நீங்க லேசாச் சிரிச்சீங்க. அது எதுக்கு?"

அதை அவள் கவனித்திருக்கிறாள்! கிரீஸை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இதை யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்திருந்தான். துணி கொண்டு துடைக்க முடியாத ஒன்றை அவன் முகத்திலிருந்தே அவள் படித்திருந்தாள்.

"சொல்றேன்" என்றான். "ஆனா சொன்னா, பக்கத்துல உட்கார வைக்க மாட்டே."

"சொல்லாட்டி மட்டும் வைப்பேனா? சொல்லுங்க."

சொன்னான். ஆட்களின் கேலியையும், தன் சிரிப்பையும், அடியில் இருந்த முள்ளையும், அது இளகிய நொடியையும் ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். அவள் கால் ஒருமுறைகூட அழுந்தவில்லை.

குழாய்க்காரர்களின் கூடாரங்கள் தெரிந்ததும் வண்டியை நிறுத்தினாள். தண்ணீர்க் குடங்களோடு ஆட்கள் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். நேற்றுக் காய்ந்த உதடுகள். அவர்களிடம்தான் அவன் முதலில் வாய் திறக்க வேண்டும்.

"கோட்டைப் பார்த்துட்டுப் போங்க" என்றாள்.

அவன் இறங்கி மண்டியிட்டான். மணலைக் கையால் ஒதுக்கினான். அவள் தீட்டிய வெள்ளைக் கோடு டயரிலிருந்து ரிம்முக்கு நேராக ஓடியது, மயிரிழையும் விலகவில்லை.

"அசையலை" என்றான், தலை நிமிராமல்.

"தெரியும்" என்றாள் அவள். "நீங்க பார்க்கணும்னுதான் சொன்னேன்."

அவன் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டாமலே, அவர்களை நோக்கி நடந்தான்.